ஞாயிறு வேலை வேண்டாம் என்று சொல்ல எந்த வழி? பிரிட்டன் கடை ஊழியர்களுக்கு ஓர் ஒப்பீடு

பிரிட்டனில் கடையில் வேலை செய்கிறவருக்கு ரோட்டாவில், அதாவது வேலை அட்டவணையில், ஞாயிறு விழுவது புதிதல்ல. பிள்ளையின் தமிழ்ப் பள்ளி, கோவில், சேர்ச், அல்லது வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருக்கக்கூடிய ஒரே நாள் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அந்த நாளை மீட்க நான்கு வழிகள் உண்டு. ஒன்று, சட்டம் தரும் விலகல் கடிதம், அதாவது எல்லோரும் 'ஒப்ட் அவுட்' என்று சொல்வது. இரண்டு, வேலை முறையை மாற்றக் கேட்கும் ஃபிளெக்சிபிள் வேர்க்கிங் விண்ணப்பம். மூன்று, மனேஜரோடு பேசி ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது. நான்கு, சமய நம்பிக்கையைக் காட்டிச் சமத்துவச் சட்டத்தின்கீழ் கேட்பது.

இந்த நான்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் பெரும்பாலான வில்லங்கத்துக்கு வேர். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எந்த ஞாயிறும் வேண்டாம் என்றால் முதலாவது வழி. அதற்கு ஈடு வேறில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் விடுபட்டால் போதும் என்றால் இரண்டாவது வழியால் கேளுங்கள், முதலாவதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது, முதல் வழி திறக்காதவர்களுக்கான கடைசிக் கதவு.

கடை திறக்கும் நேரம் வேறு, நீங்கள் வேலை செய்யும் நேரம் வேறு

"ஞாயிற்றுக்கிழமை ஆறு மணித்தியாலம்தானே சட்டம்" என்று பலர் சொல்வார்கள். அந்த ஆறு மணித்தியாலம் ஊழியருக்கான வரம்பு அல்ல. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 1994 ஞாயிறு வர்த்தகச் சட்டம், 280 சதுர மீற்றருக்கு மேற்பட்ட பெரிய கடை காலை 10 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையில் தொடர்ச்சியாக ஆறு மணித்தியாலம் மட்டும் வாடிக்கையாளருக்கு விற்கலாம் என்கிறது. அதனால்தான் பத்து - நாலு, பதினொன்று - ஐந்து, பன்னிரண்டு - ஆறு என்று பலகைகள் தொங்குகின்றன. ஈஸ்டர் ஞாயிறன்று பெரிய கடை திறக்கவே கூடாது. நத்தாருக்கு 2004இல் தனிச் சட்டம் வந்தது. டிசம்பர் 25 எந்தக் கிழமையில் வந்தாலும் பெரிய கடைகளுக்குப் பூட்டு.

காலை ஆறு மணிக்கு உங்களை வரச் சொல்லித் தட்டுகளை நிரப்பச் செய்வதையும், மாலை நாலரைக்குப் பின் கணக்கு முடிக்க வைப்பதையும் இந்தச் சட்டம் தடுக்கவில்லை. கல்லாப்பெட்டி வேலை செய்யும் நேரத்துக்குத்தான் வரம்பு. ஒரு ஞாயிறில் எட்டு மணித்தியால ஷிஃப்ட் வந்தால் கடை சட்டத்தை மீறுகிறது என்று முறைப்பாடு எழுதிப் பயனில்லை.

280 சதுர மீற்றர் என்றால் ஏறத்தாழ 3000 சதுர அடி. வாடிக்கையாளருக்குப் பொருள் விற்கவும் காட்சிக்கு வைக்கவும் பயன்படும் உட்பரப்பு மட்டும் இதில் சேரும். பின்புறக் களஞ்சியம், ஊழியர் அறை, அலுவலகம் சேராது. சில கடைக்காரர் ஞாயிறு காலையில் ஒரு பகுதியைக் கயிறு கட்டி மறைத்து "இப்போ நாங்கள் சின்னக் கடை" என்பார்கள். அது செல்லாது. ஒரு பகுதியைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டுமானால், அந்த ஞாயிறோடு முடியும் வாரம் முழுவதும் அங்கே விற்பனையும் காட்சியும் இல்லாமல் இருந்திருக்க வேண்டும்.

280க்கு உட்பட்ட கடைகளுக்கு நேர வரம்பு இல்லை. நம்மவர் நடத்தும் தெருமுனைக் கடைகள் பெரும்பாலும் இதற்குள் வரும். பெற்றோல் நிலையம், விமான நிலையம், ரயில் நிலையம், நெடுஞ்சாலை சேர்விஸ், மருந்து மட்டும் விற்கும் ஃபார்மசி ஆகியவை பெரிதாக இருந்தாலும் விதிவிலக்கு. சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டு அன்று கடை பூட்டும் யூத உரிமையாளர் ஞாயிறு திறக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. அதற்கு உள்ளூராட்சி மன்றத்துக்கு முன்கூட்டி அறிவிக்க வேண்டும்.

இவ்வளவும் முதலாளியின் தலையிடி. ஊழியர் இதில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: ஞாயிறு வேலையை மறுக்கும் உரிமை கடையின் அளவைப் பொறுத்தது அல்ல. ஆயிரம் பேர் வேலை செய்யும் சுப்பர்மார்க்கெட்டிலும் உண்டு, இரண்டு பேர் நிற்கும் கடையிலும் உண்டு. ஸ்கொட்லாந்தில் திறக்கும் நேரத்துக்கு வரம்பே கிடையாது. ஆனாலும் 2003இல் நிறைவேறி 2004இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் அங்குள்ள ஊழியருக்கும் அதே மறுப்புரிமை கிடைத்தது. வட அயர்லாந்தின் சட்டம் தனி. அங்கே பெரிய கடைகளுக்குப் பகல் 1 முதல் மாலை 6 வரை ஐந்து மணித்தியாலம்தான். கீழே வருவது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து ஊழியருக்கு.

இந்த உரிமை சும்மா வந்ததல்ல. 1986 ஏப்ரல் 14 அன்று தட்சர் அரசு ஞாயிறு வர்த்தகத்தை முழுதாகத் திறந்துவிடக் கொண்டுவந்த மசோதா, சொந்தக் கட்சியினரே எதிர்த்து 296க்கு 282 என்று தோற்றது. எட்டு வருடம் கழித்து 1994இல் திறக்க விட்டபோது, ஊழியருக்கு மறுப்புரிமை என்பது அந்தப் பேரத்தின் ஒரு பகுதியாகவே உள்ளே வந்தது. 2016 மார்ச் 9 அன்று நேரத்தை நீட்ட மறுபடி முயன்ற அரசு 317க்கு 286 என்று மீண்டும் தோற்றது. 2012 ஒலிம்பிக்கின்போது மட்டும் எட்டு ஞாயிறுகளுக்கு நேர வரம்பைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள்.

முதல் வழி: விலகல் கடிதம்

1996 வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டத்தின் நான்காம் பகுதியில் இது இருக்கிறது. இதன் பலம் ஒரே இடத்தில்தான்: முதலாளியின் சம்மதம் தேவையில்லை. காரணமும் தேவையில்லை. சமயம், குடும்பம், களைப்பு எதையும் சொல்லத் தேவையில்லை.

கடிதத்துக்கு மூன்று நிபந்தனை. எழுத்தில் இருக்க வேண்டும். நீங்கள் கையொப்பமிட்டுத் திகதி போட வேண்டும். ஞாயிறு வேலைக்கு ஆட்சேபம் தெரிவிக்கிறேன் என்று அதில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மூன்று நாலு வரி போதும்: பெயர், ஊழியர் இலக்கம், 1996 சட்டத்தின்கீழ் ஞாயிறு வேலைக்கு ஆட்சேபம் தெரிவிக்கிறேன் என்ற ஒரு வசனம், கையொப்பம், திகதி. கூடுதலாக எழுதும் ஒவ்வொரு வரியும் பேரம் பேச இடம் கொடுக்கும். "மகளுக்குப் பதினொரு மணிக்கு வகுப்பு" என்று எழுதினால், "அப்போ இரண்டு மணிக்கு வாங்கோ" என்று பதில் வரும். "முடிந்தால் தவிர்க்க விரும்புகிறேன்" என்று பணிவாக எழுதுவதும் ஆபத்து. அது விருப்பம், ஆட்சேபம் அல்ல.

வட்ஸ்அப்பில் மனேஜருக்குப் போடும் செய்தியை நம்பாதீர்கள். கையொப்பமும் திகதியும் கொண்ட தாளாகக் கொடுங்கள், இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் "கிடைத்தது" என்று எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் கடிதத்தைப் படம் எடுத்து, அன்றே எச்.ஆர். மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். பிறகு வரும் சண்டை பெரும்பாலும் "எப்போது கொடுத்தீர்கள்" என்பதைப் பற்றித்தான்.

கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் அறிவித்தல் காலம். மார்ச் 2 அன்று கொடுத்தால் ஜூன் 1 வரை ஓடும். அதற்குப் பின் வரும் முதல் ஞாயிறிலிருந்து நீங்கள் விடுபட்டவர். இடைப்பட்ட ஞாயிறுகளில் ரோட்டாவில் பெயர் இருந்தால் போகத்தான் வேண்டும். கடிதம் கொடுத்த அடுத்த ஞாயிறே வீட்டில் நின்றால் அது அனுமதியில்லா விடுப்பு. ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முதலாளிக்கு வழி கிடைக்கும். டிசம்பர் ஞாயிறுகள் வேண்டாம் என்பவர் ஓகஸ்ட் முடியுமுன் கடிதத்தைக் கொடுக்க வேண்டும். ஒக்டோபரில் கொடுத்துவிட்டு நத்தார் நெரிசலில் தப்பலாம் என்று நினைப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

மூன்று மாதம் ஒரு மாதமாகச் சுருங்கும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. ஞாயிறு வேலை கேட்கப்படக்கூடிய ஊழியருக்கு, வேலையில் சேர்ந்து இரண்டு மாதத்துக்குள், "உங்களுக்கு விலகும் உரிமை உண்டு" என்ற எழுத்து விளக்கத்தை முதலாளி கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஒரு மாத அறிவித்தலே போதும். பெரிய நிறுவனங்களில் இது சேரும்போது தரும் தாள்க்கட்டுக்குள் இருக்கும். சின்னக் கடைகளில் அப்படி ஒரு தாள் இருப்பதே பல முதலாளிகளுக்குத் தெரியாது. ஆகவே கடிதம் எழுதுமுன் உங்கள் பழைய தாள்களைப் புரட்டிப் பாருங்கள். அந்த விளக்கம் இல்லாவிட்டால் ஒரு மாதம் என்றே கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994 ஓகஸ்ட் 26க்கு முன்பிருந்தே அதே முதலாளியிடம் தொடர்ந்து வேலை செய்பவருக்குக் கடிதமே தேவையில்லை, தானாகவே பாதுகாப்பு. இன்று அப்படிப்பட்டவர் அரிது.

இந்தக் கதவு யாருக்குத் திறக்காது

இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். உரிமை கடை ஊழியருக்கும் பந்தயக் கடை ஊழியருக்கும் மட்டும். கடை என்பதற்குச் சட்டம் தரும் பொருள் சில இடங்களில் எதிர்பார்ப்பதை விட அகலம், சில இடங்களில் குறுகல். முடி வெட்டும் சலூன் கடைதான். அங்கே வேலை செய்பவர் விலகலாம். உணவகம் கடையல்ல, உடனே சாப்பிடச் சமைத்துக் கொடுக்கும் டேக்அவேயும் கடையல்ல. அதே தெருவில் மளிகைக் கடையில் நிற்பவருக்கு இருக்கும் உரிமை, பக்கத்துக் கொத்துரொட்டிக் கடையில் நிற்பவருக்கு இல்லை. வாடிக்கையாளர் வராத களஞ்சியம், பராமரிப்பு இல்லம், மருத்துவமனை, தொழிற்சாலை எதுவும் இதில் சேராது. ஆனால் கடைக்குள்ளேயே தட்டு நிரப்புபவர், கூட்டித் துடைப்பவர், பின்புறம் சரக்கு இறக்குபவர் ஆகியோரும் அந்தக் கடையின் ஊழியரென்றால் அவர்களுக்கும் உரிமை உண்டு. கல்லாவில் நிற்க வேண்டும் என்பதில்லை.

இன்னொரு நுணுக்கம். "கடை வேலை" என்றால் வாடிக்கையாளருக்குக் கடை திறந்திருக்கும் நாளில் செய்யும் வேலை. அதனால் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கதவு பூட்டியிருக்கும்போது தட்டு நிரப்புவதும், அன்று பத்து மணிக்குக் கடை திறக்குமென்றால், கடை வேலையே. ஈஸ்டர் ஞாயிறன்று பூட்டிய பெரிய கடையில் ஸ்டொக் எண்ண வரச் சொன்னால், அது இந்த வரைவிலக்கணத்துக்கு வெளியே போகிறது; விலகல் கடிதம் அந்த ஒரு நாளில் உங்களைக் காக்காது.

ஞாயிறு மட்டும் வேலை செய்வதற்கென்றே எடுக்கப்பட்டவர் விலக முடியாது. வாரநாளில் படித்து வார இறுதியில் வேலை செய்யும் மாணவர் தன் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும்: ஞாயிறு மட்டும் என்றிருந்தால் வழியில்லை, சனி, ஞாயிறு இரண்டும் என்றிருந்தால் வழி உண்டு. ஸ்டுடென்ட் விசாவில் இருபது மணித்தியால வரம்புக்கு வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடிகிறது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். ஞாயிறை விட்டு அதே மணித்தியாலத்தை அடுத்த திங்கள், செவ்வாயில் போட்டால் அது புதிய வாரத்தின் கணக்கில் ஏறும்.

கடைசியாக, இது எம்ப்ளோயி என்ற அந்தஸ்து உள்ளவருக்கே. செல்ஃப் எம்ப்ளோய்ட் என்று எழுதி வைத்திருப்பவருக்கு இந்தப் பகுதி பொருந்தாது.

காசுக்கணக்கு

விலகல் கடிதத்தின் விலை இங்கே இருக்கிறது. விடுபட்ட ஞாயிறு மணித்தியாலங்களுக்கு வேறு நாளில் வேலை தர முதலாளிக்குக் கடப்பாடு இல்லை. செய்யாத ஞாயிறுக்குச் சம்பளமும் இல்லை. ஞாயிறு வருபவருக்கு மட்டும் கூடுதல் காசு கொடுப்பதும் உங்களைத் தண்டிப்பதாகக் கொள்ளப்படாது. ஞாயிறுக்குக் கூடுதல் சம்பளம் தரவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை; அது ஒப்பந்தத்தில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

2025-26க்கான தேசிய வாழ்வூதியம், அதாவது சட்டப்படியான குறைந்தபட்ச சம்பளம், 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்கு மணிக்கு 12.21 பவுண். ஆறு மணித்தியாலச் சம்பளம் வரும் ஞாயிறு ஷிஃப்ட் ஒன்றுக்கு 73.26 பவுண். எல்லா ஞாயிறும் செய்துகொண்டிருந்தவருக்கு வருடத்துக்கு 3,800 பவுண் சொச்சம், மாதத்துக்கு ஏறக்குறைய 317 பவுண் போகும்.

ஆனால் கைக்கு வரும் நட்டம் அவ்வளவு அல்ல. வருமான வரியும் நாஷனல் இன்ஷூரன்ஸும் கட்டும் அளவுக்கு, அதாவது குறைத்த பிறகும் வருடத்துக்கு 12,570 பவுணுக்கு மேல் உழைப்பவர் என்றால், அந்த 317இல் 20 வீதம் வரியாகவும் 8 வீதம் இன்ஷூரன்ஸாகவும் முன்பே போய்க்கொண்டிருந்தது. கைக்கு வந்தது 228 பவுண் அளவுதான். குடும்பம் யூனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவித்தொகை எடுக்கிறதென்றால், வேர்க் அலவன்ஸுக்கு (வெட்டு இல்லாமல் உழைக்கக்கூடிய தொகைக்கு) மேல் கைக்கு வரும் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் வெட்டப்பட்டிருந்தது. இப்போது அது திரும்பி வரும். கடைசியில் உண்மையான நட்டம் மாதத்துக்கு நூறு பவுணை ஒட்டி நிற்கும். யூனிவர்சல் கிரெடிட் இல்லாத வீட்டில் 228 முழுவதும் நட்டம். இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளி பெரிது. பேஸ்லிப்பையும் கிரெடிட் கணக்கையும் அருகில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்த பிறகே கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

குறைந்த மணித்தியாலம் வேலை செய்பவர் வேறொன்றையும் பார்க்க வேண்டும். 2025-26இல் ஒரு முதலாளியிடம் வாரத்துக்கு 125 பவுணுக்குக் கீழே சம்பளம் இறங்கினால் அரச ஓய்வூதியத்துக்கான இன்ஷூரன்ஸ் வருடம் சேராமல் போகலாம். வருடத்துக்கு 10,000 பவுணுக்குக் கீழே போனால் வேலைத்தல ஓய்வூதியத் திட்டத்தில் தானாகச் சேர்க்கப்படும் தகுதியும் இல்லாமல் போகும். மொத்தமே பன்னிரண்டு மணித்தியாலம் செய்கிறவர் அதில் ஆறை விட்டால் முதல் கோட்டுக்குக் கீழே விழுந்துவிடுவார்.

திரும்பி வருவதும் உங்கள் கையில் மட்டும் இல்லை. ஞாயிறு வேலைக்குச் சம்மதம் என்று கையொப்பமிட்ட ஒப்ட்-இன் கடிதம் கொடுத்து, பிறகு முதலாளியும் நீங்களும் உடன்பட்டால்தான் பழைய ஞாயிறு கிடைக்கும். அதற்குள் அந்த ஷிஃப்ட்டுக்கு வேறொருவரை எடுத்திருப்பார்கள்.

இரண்டாவது வழி: ஃபிளெக்சிபிள் வேர்க்கிங்

விலகல் கடிதம் எல்லாம் அல்லது ஒன்றுமில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவேன் என்று அதில் எழுத முடியாது. அந்த நடுவழிக்கு உரியது இது. 2024 ஏப்ரல் 6 முதல் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே கேட்கலாம். பன்னிரண்டு மாதத்தில் இரண்டு தடவை. முதலாளி இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், மறுக்குமுன் உங்களோடு கலந்து பேச வேண்டும். உணவகம், பராமரிப்பு இல்லம், களஞ்சியம் என்று எங்கே வேலை செய்யும் எம்ப்ளோயியும் கேட்கலாம் என்பது இதன் பெரிய நன்மை.

விண்ணப்பத்தில் திகதி, இது சட்டப்படியான விண்ணப்பம் என்ற வசனம், என்ன மாற்றம், எப்போதிருந்து, முன்பு கேட்டிருந்தால் அது எப்போது என்பவை இருக்க வேண்டும். "ஞாயிறு குறைத்துத் தாருங்கள்" என்று பொதுவாக எழுதாமல், "மாதத்தின் முதலாம், மூன்றாம் ஞாயிறுகளுக்குப் பதிலாக அந்த வாரத்துப் புதன் மாலை 4 முதல் 10" என்று எழுதுங்கள். பதிலுக்கு எந்த நேரத்தை நிரப்பித் தருகிறீர்கள் என்று சொன்னால் மனேஜருக்கு ரோட்டா போடுவது இலகு. மறுக்கக் காரணம் தேடுவது கஷ்டம்.

பலவீனம், முதலாளி மறுக்கலாம். கூடுதல் செலவு, வாடிக்கையாளர் தேவை, இருப்பவர்களுக்குள் வேலையைப் பிரிக்க முடியாமை, புது ஆள் கிடைக்காமை, தரம், செயல்திறன், நீங்கள் கேட்கும் நேரத்தில் வேலை போதாமை, திட்டமிட்ட அமைப்பு மாற்றம் என்று எட்டு வணிகக் காரணங்கள் சட்டத்தில் இருக்கின்றன. ஞாயிறு கடையில் கூட்டம் என்றால் இரண்டாவது காரணமே போதும். வேலைத் தகராறுகளை விசாரிக்கும் ட்ரிபியூனலுக்குப் போனாலும் இழப்பீட்டின் உச்சம் எட்டு வாரச் சம்பளம். ஏற்றுக்கொண்டால் அது நிரந்தர ஒப்பந்த மாற்றம் என்பதையும் மறக்க வேண்டாம். பரீட்சார்த்தமாக மூன்று மாதம் என்றால் அதையும் எழுத்தில் போட வேண்டும்.

கடை ஊழியருக்கு எங்கள் யோசனை இரண்டையும் வரிசையாகப் பயன்படுத்துவது. முதலில் மாதம் இரண்டு ஞாயிறு என்று விண்ணப்பியுங்கள். நிராகரித்தால் விலகல் கடிதம் கொடுக்கும் உரிமை அப்படியே இருக்கிறது. இந்தச் சட்டத்தை அறிந்த மனேஜருக்கு, இரண்டு ஞாயிறு மறுத்தால் நாலும் போகும் என்பது தெரியும். விலகல் கடிதம் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னதற்காகவே வேலையை விட்டு நிறுத்துவதும் நியாயமற்ற பணிநீக்கம் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. இதை மிரட்டலாகச் சொல்லத் தேவையில்லை, கலந்து பேசும்போது ஒரு தடவை குறிப்பிட்டால் போதும்.

மூன்றாவது வழி: வாய்ப்பேச்சும் ஒப்பந்தமும்

நம்மவர் கடைகளில் அதிகம் நடப்பது இதுதான். "அண்ணை, ஞாயிறு எனக்குச் சரிவராது" என்று சொல்லி, முதலாளி தலையாட்டி, இரண்டு வருடம் நன்றாக ஓடும். கடை கைமாறும் அன்று, அல்லது மனேஜர் மாறும் அன்று, அந்தத் தலையாட்டலுக்குச் சாட்சி இல்லை. ஒத்துக்கொண்டதை ஒரு மின்னஞ்சலில் எழுதி, "சரி" என்ற பதிலை வாங்கி வையுங்கள்; அல்லது ஒப்பந்தத்தில் வேலை நாட்கள் திங்கள் முதல் சனி என்று திருத்தி வாங்குங்கள். ஒப்பந்தத்திலேயே ஞாயிறு இல்லாவிட்டால் விலகல் கடிதத்தின் தேவையே இல்லை.

உறவும் ஊரும் கலந்த இடத்தில் சட்டக் கடிதம் கொடுப்பது முகத்தை முறிப்பதுபோல் தோன்றும். அது உண்மைதான். அங்கே முதலில் பேசுங்கள். ஆனால் பேசிய திகதியைக் குறித்து வையுங்கள்.

வேலைக்கு இன்னும் எடுபடாதவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1996 சட்டத்தின் மறுப்புரிமை ஊழியருக்கு, விண்ணப்பதாரருக்கு அல்ல. நேர்முகத் தேர்வில் ஞாயிறு வரமாட்டேன் என்று சொன்னதற்காக எடுக்காவிட்டால் அந்தச் சட்டத்தின்கீழ் ஒன்றும் செய்ய முடியாது. வருவேன் என்று சொல்லிச் சேர்ந்து, மறுமாதம் கடிதம் கொடுப்பது சட்டப்படி செல்லும். அதற்குப் பின் அந்த மனேஜரோடு எப்படி நாளைக் கழிப்பது என்பது உங்கள் கணக்கு.

நான்காவது வழி: சமயக் காரணம்

2010 சமத்துவச் சட்டத்தின்கீழ், எல்லோரும் ஞாயிறு வரவேண்டும் என்ற விதி ஒரு சமயத்தாரைக் கூடுதலாகப் பாதித்தால் அது மறைமுகப் பாகுபாடு ஆகலாம். ஆனால் நியாயமான வணிக நோக்கத்துக்கு அளவான வழி அது என்று முதலாளி காட்டிவிட்டால் வழக்கு முடிந்தது. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், லண்டன் மெர்ட்டன் உள்ளாட்சியின் சிறுவர் இல்லத்தில் வேலை செய்த கிறிஸ்தவப் பராமரிப்பாளர் ஒருவர் தோற்றார். அவருடைய நம்பிக்கையைக் கீழ் ட்ரிபியூனல் அணுகிய விதம் பிழை என்று நீதிபதிகள் ஒத்துக்கொண்டார்கள். ஆனாலும் சிறுவர் இல்லத்துக்கு வாரம் முழுவதும் ஆள் தேவை என்ற வாதம் நின்றது. 2005இல் மணல் அகழ்வு நிறுவனமொன்றில் ஞாயிறு ஷிஃப்ட்டை மறுத்தவரின் வழக்கும் இப்படியே போனது.

இருவரும் கடை ஊழியர் அல்ல என்பதைக் கவனியுங்கள். கடையில் வேலை செய்திருந்தால் ஒரு தாளில் முடிந்திருக்கும் காரியம். கடை ஊழியர் ஒருவர் சமயக் காரணத்தை முன்வைத்து விவாதிக்கத் தொடங்குவது, பலமான வழியை விட்டுப் பலவீனமான வழியில் இறங்குவது. கடைக்கு வெளியே வேலை செய்கிறவர் இந்த வாதத்தை ஃபிளெக்சிபிள் விண்ணப்பத்துக்குள் ஒரு வசனமாகச் சேர்த்தால் பலன் உண்டு. மறுக்கும் முதலாளி அதன் பின் பாகுபாட்டையும் யோசிக்க வேண்டியிருக்கும். வாராந்த ஓய்வுக்கு வேலைநேர ஒழுங்குவிதிகள் வாரத்தில் 24 மணித்தியாலமோ இரண்டு வாரத்தில் 48 மணித்தியாலமோ தருகின்றன. அது ஞாயிறாக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை.

விலகிய பின் நடப்பவை

அறிவித்தல் காலம் முடிந்தபின் ஞாயிறை மறுத்ததற்காக வேலை நீக்கினால் அது தானாகவே நியாயமற்ற பணிநீக்கம். இரண்டு வருட சேவை இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இங்கே இல்லை. பதவி உயர்வை மறுப்பது, பயிற்சிக்கு அனுப்பாமல் விடுவது, பழிக்காக வாரநாள் மணித்தியாலத்தை வெட்டுவது ஆகியவையும் முறைப்பாட்டுக்கு உரியவை.

அடிக்கடி நடக்கும் பொறி வேறு. ஆள் இல்லாத ஒரு ஞாயிறு மனேஜர் தொலைபேசி எடுப்பார்: "இன்றைக்கு மட்டும்." உதவிக்குப் போவதால் மட்டும் உங்கள் விலகல் அழியாது. ஆனால் போகுமுன் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டால் வாசியுங்கள். அது ஒப்ட்-இன் கடிதமாக இருந்து, அதன்பின் ஒரு குறிப்பிட்ட ஞாயிறுக்குச் சம்மதித்தாலும், நீங்கள் விலகியவர் என்ற நிலை முடிந்துவிடும். மறுபடி கடிதம், மறுபடி மூன்று மாதம். பதவி உயர்வுக்கோ புது ஒப்பந்தத்துக்கோ தரும் தாள்க்கட்டிலும் இதே தாள் இருக்கலாம். வேறு முதலாளியிடம் சேர்ந்தால் பழைய கடிதம் செல்லாது, புதிதாக எழுத வேண்டும்.

பிரச்சினை வந்தால் முதலில் எழுத்தில் முறைப்பாடு. யூனியனில் இருந்தால் பிரதிநிதியோடு. கடை ஊழியர் பலர் சேர்ந்திருப்பது அஸ்டோ (USDAW) யூனியனில். ட்ரிபியூனலுக்குப் போகுமுன் ஏக்காஸ் (Acas) அமைப்பிடம் சமரச முயற்சிக்குப் பதிய வேண்டும், அது இலவசம். சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைய அந்தப் பதிவு நடந்திருக்கட்டும். கடைக்குள் முறைப்பாடு இன்னும் விசாரணையில் இருக்கிறது என்பதால் அந்த நாட்காட்டி நிற்பதில்லை. விலகல் கடிதத்தின் பிரதி, கிடைத்ததற்கான கையெழுத்து, அதற்கு முந்திய மூன்று மாத ரோட்டாக்கள், பிந்திய மூன்று மாத ரோட்டாக்கள், பேஸ்லிப்கள் ஆகியவற்றை ஒரு உறையில் போட்டு வீட்டில் வையுங்கள். வேலைத்தள மின்னஞ்சலில் மட்டும் வைத்திருந்தால், வேலை போகும் நாளில் அதைத் திறக்கும் வழியும் போய்விடும்.